தாளிப்புக்கு முன்

"வெறும் உருண்டையை அது எப்படித்தான் மெல்லும்? ரெண்டு கை சோறு போட்டுப் பிசைஞ்சு வையேன்."

அம்மா இதைச் சொல்லாத நாள் இல்லை. வீட்டில் எல்லோரும் குழம்பும் கூட்டுமாகச் சாப்பிடும்போது, காலடியில் காத்துக் கிடக்கும் உயிருக்குக் காய்ந்த தீனியை மட்டும் கொட்டிவிட்டு எழுந்து போவது அவருக்குப் பாவமாகப் படுகிறது. கால்நடை மருத்துவரைக் கேட்டால், "பையில் இருப்பதே முழு உணவு, வேறு எதுவும் தேவையில்லை" என்கிறார். செராங்கூன் நார்த் பக்கத்துச் செல்லப்பிராணிக் கடைகளில் ஏறி இறங்கினால் வேறு கதை. மேலே தூவப் பொடி, ஊற்றச் சாறு, உறையவைத்து உலர்த்திய இறைச்சித் துண்டு என்று ஓர் அலமாரியே இருக்கிறது. இந்த மூன்று பேச்சுக்கும் நடுவில் நிற்பது ஒரே கேள்விதான்: நாயின் உலர் தீனியில் வீட்டுச் சாப்பாட்டைக் கலக்கலாமா, கலந்தால் எதை, எவ்வளவு?

பத்தாண்டுகளுக்கும் மேலாக ஒரு நாயோடு வீவக வீட்டில் வாழ்ந்து வருகிறேன். அந்த அனுபவத்தையும், இந்தக் கேள்வி பற்றி ஆய்வுகள் சொல்வதையும் சேர்த்து வைத்துப் பார்த்ததில் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நம் அடுப்பில் வேகும் பொருள்களில் பெரும்பாலானவை நாய்க்கு நல்லவைதான். அவற்றைக் கெடுப்பது அடுத்து வரும் உப்பும் வெங்காயமும் புளியும் எண்ணெயும். எடுப்பதாக இருந்தால் தாளிப்புக்கு முன் எடுக்க வேண்டும். எடுத்ததை அன்றைய கணக்கில் சேர்க்கவும் வேண்டும்.

கணக்கு என்று சொல்வதற்குச் சிங்கப்பூரில் தனிக் காரணம் உண்டு. வீவக வீட்டில் அனுமதிக்கப்பட்ட இனங்களில் ஒரு நாய்தான் வளர்க்கலாம். அந்தப் பட்டியலில் இருப்பவை ஷி சூ, மால்டீஸ், பொமரேனியன், பூடில், மினியேச்சர் ஷ்னாசர் போன்ற சிறிய இனங்கள். 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று அழைக்கப்படும் உள்ளூர்க் கலப்பின நாய்களுக்கு 2012ல் 'அடோர்' திட்டம் வந்த பிறகுதான் அடுக்குமாடிக் கதவு திறந்தது. தொடக்கத்தில் 15 கிலோ எடை, 50 சென்டிமீட்டர் உயரம் என்று வரம்பு இருந்தது. 2020ல் எடை வரம்பு நீங்கி, உயரம் 55 சென்டிமீட்டர் ஆனது. எங்கள் நாய் மணி அப்படி வந்ததுதான். 14 கிலோ. ஆனால் இங்கே பல வீடுகளில் இருப்பது 4, 5 கிலோ நாய். தமிழ்நாட்டு ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ ஒரு சட்டிக் கூழைக் குடித்துவிட்டு வயலில் முயல் துரத்தி அதைச் செரித்துவிடும். குளிர்சாதன அறையில் படுத்திருக்கும் 5 கிலோ நாய்க்கு ஒரு கரண்டி கூடுதலே பெரிய கூடுதல்.

உலர் தீனி வந்த வரலாற்றையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1860களில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் இறைச்சியும் தானியமும் காய்கறியும் சேர்த்து நாய் பிஸ்கட் செய்து விற்றதில் இந்த வணிகம் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் தகரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததும் டப்பா உணவு குறைந்து உலர் உணவு பெருகியது. மாவையும் இறைச்சியையும் அழுத்தத்தில் வேகவைத்துப் பொரியைப் போல உப்பவைக்கும் முறையில் 1957ல் பியூரினா நிறுவனம் தன் தீனியைக் கொண்டுவந்தது. இன்று பையைப் பிரித்தால் கொட்டும் உருண்டைகள் அந்த வழியில் வந்தவை. தமிழ் வீடுகளில் எந்த நிறுவனத்துப் பையாக இருந்தாலும் அதற்குப் பெயர் 'பெடிகிரி'தான்.

பையில் 'முழுமையான, சரிவிகித உணவு' என்று அச்சிட்டிருந்தால் அதற்குப் பொருள் உண்டு. அந்த வயது நாய்க்குத் தேவையான புரதம், கொழுப்பு, சுண்ணாம்புச் சத்து, பாஸ்பரஸ், துத்தநாகம், வைட்டமின்கள் எல்லாம் வகுக்கப்பட்ட அளவில் உள்ளன என்று தயாரிப்பாளர் பொறுப்பேற்கிறார் என்பது அந்தப் பொருள். கடையில் விற்கும் மேற்தூவல் பொட்டலங்களைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் 'துணை உணவு மட்டும்' என்றுதான் இருக்கும். இரண்டும் ஒன்றல்ல.

ஆனால் பையை முழுக்க நம்பாதவர்களிடமும் நியாயம் இருக்கிறது. 2004ல் சிங்கப்பூர் உட்பட ஆசிய நாடுகள் பலவற்றில், குறிப்பிட்ட உலர் தீனியைத் தின்ற ஆயிரக்கணக்கான நாய்கள் சிறுநீரகம் செயலிழந்து நோயுற்றன. முதலில் பூஞ்சை நஞ்சு என்று கருதப்பட்டது. 2007ல் வட அமெரிக்காவில் மெலமைன் கலந்த கோதுமைப் பசையத்தால் நாய்களும் பூனைகளும் இறந்தபோது, ஆசிய நாய்களின் திசு மாதிரிகளை மீண்டும் எடுத்துச் சோதித்தார்கள். இரண்டிலும் அதே மெலமைன், சயனூரிக் அமிலப் படிகங்கள் இருந்தன. அந்த ஆண்டுகளில் நாய் வைத்திருந்தவர்கள் இதை மறக்கவில்லை. "நானே சமைத்துப் போடுகிறேன், எனக்குப் பை வேண்டாம்" என்று சொல்லும் மூத்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வீட்டிலேயே முழுக்கச் சமைத்துப் போடுவது அதற்கு விடையா? கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் நூல்களிலும் இணையத்திலும் கிடைத்த 200 நாய்ச் சமையல் குறிப்புகளை எடுத்து ஆராய்ந்து 2013ல் முடிவை வெளியிட்டார்கள். 95 விழுக்காட்டுக் குறிப்புகளில் இன்றியமையாத சத்து ஒன்றாவது குறைந்திருந்தது. எல்லாச் சத்தும் போதிய அளவில் இருந்தவை 9 மட்டுமே. அன்போடு வேகவைத்த கோழியும் சோறும் நாய்க்கு இரண்டு நாள் விருந்து, இரண்டு ஆண்டு உணவாக முடியாது. சுண்ணாம்புச் சத்து இல்லாத இறைச்சியையே தொடர்ந்து தின்னும் குட்டியின் எலும்பு வளைந்துவிடும்.

எனவேதான் கலப்பது என்ற நடுவழியை நான் மதிக்கிறேன். பை அடித்தளமாக இருக்கட்டும், அடுப்பு மேலே சேரட்டும். கால்நடை ஊட்டச்சத்துத் துறையில் பொதுவாக ஒப்புக்கொள்ளும் வரம்பு ஒன்று உண்டு: ஒரு நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெளிப்பொருள் போகக் கூடாது. அதைத் தாண்டினால் பைக்குள் கட்டிவைத்த சத்துச் சமநிலை கலையத் தொடங்கும்.

இந்தப் பத்தில் ஒன்று எவ்வளவு என்பதைச் சமையலறை அளவில் சொல்கிறேன். கருத்தடை செய்த, சாதாரணமாக நடமாடும் 5 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 370 கலோரி போதும். பத்தில் ஒன்று 37. அதாவது அரை அவித்த முட்டை. அல்லது நன்றாக வெந்த சோறு இரண்டு மேசைக்கரண்டி. அல்லது தோல் நீக்கிய அவித்த கோழி நெஞ்சுக்கறி 20 கிராமுக்குச் சற்று மேல். நெய்யாக இருந்தால் ஒரே ஒரு தேக்கரண்டி, அத்தோடு கணக்கு தீர்ந்தது. பாட்டி கை நீட்டி வைக்கும் ஒரு துண்டு நெய் ரோஸ்ட்டே அந்த நாயின் அன்றைய பங்கைத் தாண்டிவிடும். எங்கள் மணிக்கு 14 கிலோ என்பதால் ஒரு முழு முட்டை வரை போகலாம். மேலே எதைச் சேர்த்தாலும் அதே அளவு கலோரிக்கு உருண்டையைக் குறைக்க வேண்டும். இதைத்தான் நாம் யாரும் செய்வதில்லை.

அளப்பதிலும் ஒரு சிக்கல். நாங்கள் முதலில் எவர்சில்வர் டம்ளரால்தான் அளந்தோம். நான் போட்டால் தலைதட்டி, அப்பா போட்டால் கோபுரமாக. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாய் வளர்ப்பவர்களிடம் கோப்பைகளைக் கொடுத்து அளக்கச் சொன்னார்கள். 2019ல் வெளியான அந்த முடிவின்படி, குறிப்பிட்ட அளவைவிட 48 விழுக்காடு குறைவாக அளந்தவர்களும் இருந்தார்கள், 152 விழுக்காடு கூடுதலாக அளந்தவர்களும் இருந்தார்கள். அதைப் படித்த வாரமே சமையலறைத் தராசு வாங்கினேன். நாய்க்காக வாங்கிய பொருள்களில் அதைப் போல் பயன்பட்டது வேறில்லை.

அளவைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் 2002ல் வெளியான ஓர் ஆய்வு. 48 லாப்ரடார் நாய்களை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததில் கால்பங்கு குறைத்து மற்றதற்குக் கொடுத்து வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். குறைவாகத் தின்றவை சராசரியாக 1.8 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்வும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. ஒரு நாயின் வாழ்வில் 1.8 ஆண்டு என்பது சின்ன விஷயமல்ல.

இனி எதைக் கலக்கலாம் என்பதற்கு வருகிறேன்.

முதலில் தண்ணீர். உருண்டையில் ஈரம் பத்து விழுக்காடு அளவுதான். வெதுவெதுப்பான நீரை அரைக் கோப்பை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டால் மணம் எழும்பும், நாய்க்கு நீரும் சேரும், கலோரி ஒன்றுகூட ஏறாது. பல் குறைந்த கிழ நாய்க்கும், அவசர அவசரமாக விழுங்கும் நாய்க்கும் இதுவே பாதி வைத்தியம். "ஊறினால் பல்லில் அழுக்குப் படியுமே" என்பார்கள். சாதாரண உருண்டை பல் பட்டதும் நொறுங்கிவிடுகிறது, அதனால் பெரிதாக எதுவும் சுத்தமாவதில்லை. பல்லுக்குத் தூரிகைதான் வழி.

தண்ணீருக்கு அடுத்தபடி நம் வீட்டில் இருக்கும் அருமையான பொருள் வடிகஞ்சி. குக்கர் வந்த பிறகு பல வீடுகளில் அது மறைந்துவிட்டது. சோறு வடிக்கும் வீடாக இருந்தால், உப்புப் போடாத கஞ்சி இரண்டு கரண்டியை ஆறவைத்து உருண்டைமேல் ஊற்றிப் பாருங்கள். பசியில்லாமல் முகர்ந்துவிட்டுப் போகும் நாயும் திரும்பி வரும்.

சோறு நாய்க்கு ஆகாது, அது ஓநாய் வம்சம் என்று சொல்பவர்கள் உண்டு. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆக்செல்சனும் அவர் குழுவினரும் 2013ல் 'நேச்சர்' இதழில் இதற்கு விடை தந்தார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் கணைய நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிகள் மட்டுமே இருக்க, நாய்களிடம் 4 முதல் 30 வரை இருந்தது. மனிதன் உழுது விதைத்துத் தின்ற மிச்சத்தை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் உடன் தின்று வளர்ந்த விலங்கு அது. பழைய சோற்றையும் கம்பங்கூழையும் குடித்து வாழ்ந்த தமிழ்நாட்டு நாய்களைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. சைபீரியன் ஹஸ்கி போன்ற வடதுருவப் பக்கத்து இனங்களுக்கு மட்டும் இந்தப் பிரதிகள் குறைவு. அவற்றுக்குச் சோற்றைக் குறைத்தே வைக்கலாம். மற்ற நாய்களுக்குச் சோறு நஞ்சுமல்ல, பெரிய சத்துமல்ல. வயிறு கலங்கிய நாளில் குழைந்த சோறும் அவித்த கோழியும் இதமாக இருக்கும்.

தயிர், வீட்டில் உறையூற்றியதாகவோ இனிப்புச் சேர்க்காததாகவோ இருந்தால், ஒன்றிரண்டு கரண்டி நல்லது. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் ஒத்துக்கொள்வதில்லை. பாலின் சர்க்கரையைச் செரிக்கும் திறன் குட்டிப் பருவத்தோடு குறைந்துவிடுகிறது. உறையும்போது அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் தின்றுவிடுவதால் தயிர் தாங்கும். தயிர்ச்சாதம் என்று தட்டில் வைப்பதானால் கடுகு, மிளகாய், பெருங்காயம், உப்பு எதுவும் அதில் சேரக் கூடாது. திராட்சை போட்ட விருந்துத் தயிர்ச்சாதத்தை நாய் இருக்கும் பக்கமே கொண்டுபோக வேண்டாம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்கா ஈரச்சந்தைக்குப் போய்விட்டு, பஃபலோ ரோடு காய்கறிக் கடைகளின் வழியாகத் திரும்புவது எங்கள் வழக்கம். முருங்கைக்காய்க் கட்டுக்கும் வாழைப்பூவுக்கும் நடுவில் பரங்கிக்காய்க் கீற்றுகளை மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றி வைத்திருப்பார்கள். உள்ளே ஆரஞ்சு நிறம், நடுவில் ஈர விதைகள். "அக்கா, இன்னைக்கும் சாம்பாரா?" என்று கடைக்காரத் தம்பி கேட்டார். நாய்க்கு என்றேன். "நாய் பரங்கிக்கா திங்குமா?" என்று சிரித்தவர், அடுத்த வாரம், "எங்க அறைக்குப் பக்கத்துல ஒரு நாய் வரும், நானும் போட்டுப் பாத்தேன்க்கா, தின்னுச்சு" என்றார். அவித்து மசித்த பரங்கிக்காய் 100 கிராமில் 20 கலோரிதான். நார்ச்சத்தும் உண்டு. எப்போதும் பசி பசி என்று அலையும் நாய்க்கு வயிறு நிறைந்த உணர்வைத் தர இதைவிட மலிவான பொருள் அங்காடியில் இல்லை. கேரட், பீன்ஸ், புடலங்காய், சர்க்கரைவள்ளி ஆகியவையும் சேரும். சர்க்கரைவள்ளிக்கு மட்டும் அளவு பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் அவித்து மசிக்க வேண்டும். பச்சையாகப் போட்டால் போன வடிவத்திலேயே வெளியே வந்துவிடும்.

முட்டையை வேகவைத்தே கொடுங்கள். பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற புரதம் பயோட்டின் வைட்டமினைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வெந்தால் அந்தக் குணம் போய்விடும். கோழியைத் தோலும் எலும்பும் நீக்கி, வெறும் நீரில் அவித்துக் கொடுக்கலாம். மீனும் அப்படியே, முள் ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டு. ஈரல் நாய்க்கு உயிர். ஆனால் அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், நாள்தோறும் கொடுத்தால் உடலில் தேங்கிக் கேடு செய்யும். வாரத்துக்கு ஒருமுறை, கட்டைவிரல் நுனியளவு துண்டு போதும். நெத்திலிக் கருவாட்டை இங்கே 'இக்கான் பிலிஸ்' என்று எல்லோரும் நாய்க்குப் போடுகிறார்கள். அதிலுள்ள உப்பு கடும் உப்பு. நன்றாக ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, மறுபடி அவித்து இரண்டு மூன்று மட்டும் போடலாம். இதய வால்வு நோய் சிறிய இனங்களுக்கு வயதான பிறகு அடிக்கடி வருவது. அப்படிப்பட்ட நாய்க்குக் கருவாடு வேண்டவே வேண்டாம்.

பச்சை இறைச்சியை ஆதரிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சால்மொனெல்லா நாயை ஒன்றும் செய்யாமல் போகலாம். அதே தரையில் தவழும் குழந்தையையும், அதே தொட்டியில் பாத்திரம் கழுவும் பாட்டியையும் அது விடாது.

இப்போது தாளிப்புக்கு வருகிறேன். சொல்ல வேண்டியதன் பாரமெல்லாம் இங்கேதான்.

சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு உறவினர் கூட்டம். ஆட்டுக்கறிக் குழம்பு மிஞ்சியது. அப்பா மூன்று நாளும் யாருக்கும் சொல்லாமல், குழம்பு ஊறிய சோற்றை மணியின் உருண்டையோடு பிசைந்து வைத்திருக்கிறார். அதுவும் தட்டை நக்கித் துடைத்திருக்கிறது. நான்காம் நாள் எழுந்திருக்கச் சோம்பியது. ஐந்தாம் நாள் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு வெளுத்து, வடித்த சோற்றின் நிறத்தில் இருந்தது. சிறுநீர் தேயிலைச் சாயமாகப் போனது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்துகொண்டிருந்தன. குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் அரைத்துவிட்டிருந்தது. மணி பிழைத்தது. அப்பா அன்று மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்திருந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. தின்னட்டும் என்றுதான் அவர் வைத்தார், வேறு எதற்காக?

வெங்காயக் குடும்பத்தில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுவைத் துருப்பிடிக்கவைப்பது போல் தாக்கி உடைக்கின்றன. நாயின் ஒரு கிலோ எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போனாலே இரத்தத்தில் மாற்றம் தெரியும் என்பது பதிவாகியிருக்கும் அளவு. 5 கிலோ நாய்க்கு 75 கிராம், அதாவது ஒரு பெரிய வெங்காயம்கூட முழுதாக வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பல நாள் போனாலும் அதே கேடுதான். பூண்டு எடைக்கு எடை வெங்காயத்தைவிடக் கடுமையானது. வதக்கினாலும் அரைத்தாலும் பொடித்தாலும் வீரியம் போவதில்லை. அறிகுறி உடனே தெரியாது, சில நாள் கழித்தே தெரியும். அதனால்தான் நம் வீடுகளில் "எங்க நாய் எத்தனையோ நாள் தின்னுச்சே, ஒண்ணும் ஆகலையே" என்ற பேச்சு நிலைக்கிறது. ஷீபா, அகீட்டா போன்ற ஜப்பானிய இனங்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

புளியைப் பற்றி நம்மவர்களில் மிகச் சிலருக்கே தெரியும். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரிந்ததுதான், எது கெடுக்கிறது என்பதுதான் புதிராக இருந்தது. அமெரிக்காவின் விலங்கு நச்சுக் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவர்கள் 2021ல் டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் வெளியிட்ட கட்டுரையில், சமையலில் பயன்படும் டார்டார் உப்பைத் தின்ற நாய்களும், புளியைத் தின்ற நாய்களும் அதே வகையில் சிறுநீரகம் பழுதாகி வந்த நிகழ்வுகள் பதிவாயின. புளிக்குப் புளிப்பைத் தருவதே டார்டாரிக் அமிலம்தான். புளி தின்று வந்தவை எண்ணிக்கையில் மிகச் சில, அவை தின்றது ஒரு கரண்டி ரசமும் அல்ல. ஆனாலும் இவ்வளவு வரை பாதுகாப்பு என்று யாரும் வரையறுக்காத ஒரு பொருளைச் சாம்பார் சோறு, ரசம் சோறு, மீன்குழம்புச் சோறு என்று நாள் தவறாமல் நாய்த்தட்டில் ஊற்றும் சமூகம் நம்முடையது. வெங்காயமும் பூண்டும் புளியும் உப்பும் ஒரே கரண்டியில் சேர்ந்து போகின்றன. சாம்பாருக்கு வேகும் பருப்பிலும் காயிலும் எடுங்கள். சாம்பார் ஆன பிறகு எடுக்காதீர்கள்.

பாயசத்திலும் கேசரியிலும் மிதக்கும் உலர்திராட்சையையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சாக்லேட், மெக்கடேமியாக் கொட்டை, சர்க்கரை இல்லாத இனிப்புகளிலும் சில வகை வேர்க்கடலை வெண்ணெயிலும் இருக்கும் சைலிட்டால் ஆகியவையும் நஞ்சு. சைலிட்டால் அரை மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரையைப் பாதாளத்துக்கு இறக்கிவிடும்.

உணவங்காடி நிலையத்திலிருந்து வாங்கி வரும் பொட்டலத்தையும் யோசிக்க வேண்டும். 'சிக்கன் ரைஸ்' சோறு பார்க்க வெள்ளையாக இருக்கும். கோழிக் கொழுப்பில் பூண்டும் இஞ்சியும் வதக்கி, அதில் அரிசியைப் புரட்டி வேகவைத்தது அது. நாசி லெமாக் தேங்காய்ப்பாலில் வெந்தது. பிராட்டாவில் எவ்வளவு நெய் போகிறது என்பதைக் கல்லருகே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே வேளையில் அதிகக் கொழுப்பு உள்ளே போனால் சில நாய்களுக்குக் கணைய அழற்சி வரும். மினியேச்சர் ஷ்னாசருக்கு இது பரம்பரைப் பலவீனம். தேங்காயெண்ணெய் எல்லாவற்றுக்கும் மருந்து என்ற பேச்சுக்கும் போதிய சான்று கிடையாது, ஒரு மேசைக்கரண்டியில் 120 கலோரி இருப்பது மட்டும் உறுதி. வெந்த எலும்பு, அது நல்லி எலும்பாகவே இருந்தாலும், பிளந்து குடலைக் கிழிக்கும்.

பருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2018 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விட்டது. தானியம் நீக்கி, பட்டாணியும் பருப்பும் முதன்மைப் பொருளாகச் சேர்த்த தீனிகளுக்கும் நாய்களின் இதயத் தசை விரிந்து பலவீனமாகும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்வதாக அது சொன்னது. காரண காரியம் இன்றுவரை நிறுவப்படவில்லை. சைவ வீடுகளில் சேரும் ஒரு கரண்டி வெந்த பாசிப்பருப்பை அது குறிக்கவுமில்லை. ஆனால் தானியமில்லாத பையை அதிக விலைக்கு வாங்கி, அதன்மேல் தினமும் பருப்பையும் ஊற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சிங்கப்பூர் வானிலையையும் மறக்கக் கூடாது. காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுக்கச் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும் இடம் இது. ஈரம் கலந்த தீனியைத் தட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போனால் மதியத்துக்குள் புளித்து வழவழத்துவிடும். அரை மணி நேரத்தில் தின்னாததை எடுத்துக் கொட்டிவிட்டுத் தட்டைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். உருண்டையின் மேற்பரப்பில் கொழுப்பு தெளித்திருக்கிறார்கள், காற்றுப்பட்டால் அது சிக்கெடுக்கும். பையோடு சேர்த்தே காற்றுப்புகாத டப்பாவுக்குள் வைப்பது நல்லது. பையைக் கிழித்தெறிந்துவிட்டு டப்பாவில் கொட்டினால், பழைய கொழுப்பு டப்பாவின் சுவரில் ஒட்டிப் புதியதையும் கெடுக்கும். பையில் அச்சிட்ட தேதியும் தொகுதி எண்ணும் கையில் இருக்காது. ஏதாவது திரும்பப் பெறும் அறிவிப்பு வரும் நாளில் அந்த எண்தான் தேவைப்படும்.

சிங்கப்பூர் வீடுகளில் நாய்க்குச் சோறிடும் கை ஒன்றல்ல. காலையில் பணிப்பெண், மதியம் பாட்டி, மாலையில் பள்ளி விட்டு வந்த பிள்ளை, இரவில் அப்பா. ஒவ்வொருவரும் "நான் கொஞ்சம்தானே கொடுத்தேன்" என்பார்கள், உண்மைதான். நாய்க்கு அது நான்கு கொஞ்சம். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு வழி செய்தோம். காலையில் மணியின் அன்றைய பங்கை, முட்டையோ கோழியோ பரங்கிக்காயோ, ஒரு சின்ன மூடிபோட்ட டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்துவிடுவோம். யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான். டப்பா காலியானால் அன்றைக்கு முடிந்தது. அம்மாவுக்கு இது பிடித்துவிட்டது. சமைக்கத் தொடங்கும்போதே உப்புப் போடுவதற்கு முன் ஒரு கரண்டி எடுத்துத் தனியே வைத்துவிட்டு, "உன் பங்கு எடுத்தாச்சு" என்று மணியிடம் சொல்கிறார்.

கலக்க ஆரம்பித்தால் பிறகு வெறும் உருண்டையைத் தொடாது என்ற அச்சமும் நியாயமானதே. நாய் கூர்மையான விலங்கு. முகர்ந்துவிட்டு நகர்ந்தால் கோழி வரும் என்று இரண்டே நாளில் கற்றுக்கொள்ளும். தின்னாததற்காக மேலே எதையும் சேர்க்காதீர்கள். சேர்ப்பதை வைக்கும்போதே சேர்த்து, நன்றாகப் பிசைந்து வையுங்கள். வழக்கமாகத் தின்னும் நாய் திடீரென்று ஒரு நாள் முழுக்கத் தட்டைத் தொடவில்லை என்றால் அது அடம் அல்ல. பல்லிலோ வயிற்றிலோ சிறுநீரகத்திலோ ஏதோ இருக்கிறது. அப்போது தேடவேண்டியது மருத்துவரை.

சிறுநீரக நோய், நீரிழிவு, கணைய அழற்சி, சிறுநீர்ப்பைக் கல் ஆகியவற்றுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த தனித்தீனியைத் தின்னும் நாய்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அவற்றின் தட்டில் ஒரு கரண்டி தயிரானாலும் கேட்டுவிட்டே வையுங்கள். வளரும் குட்டிக்கும் அப்படியே. மற்ற நாய்களுக்கு மாதம் ஒருமுறை உள்ளங்கையை விலாவில் வைத்து லேசாகத் தடவிப் பாருங்கள். அழுத்தாமலே விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லையா, டப்பா பெரிதாகிவிட்டது என்று பொருள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இரவில் திறந்திருக்கும் விலங்கு மருத்துவமனை எது என்று விசாரித்து, அதன் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். அதன் கீழே தமிழிலும் வீட்டுப் பணிப்பெண்ணுக்குத் தெரிந்த மொழியிலும் ஐந்து பெயர்களை எழுதுங்கள்: வெங்காயம், பூண்டு, திராட்சை, புளி, சாக்லேட். நாய் இவற்றில் ஒன்றைத் தின்றுவிட்டது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் அந்த எண்ணை அழையுங்கள்.